சவளக்கடைத் தையல் வகுப்பு

கொப்பி மேசைமேல் விரிந்து கிடந்தது. அதைச் சுற்றி மூன்று பேர், மையித்து கிடக்கும் சாவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார்கள்.

"இத ஆரு எழுதச் சொன்ன?" என்று கேட்டார் மசூர்.

ஸம்றாவுக்கு ஒன்பது வயது. பள்ளிச் சீருடையை இன்னும் கழற்றவில்லை. உம்மாவின் அண்ணன் பட்டப்பகலில் ஹாட்வெயார் கடையை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றால் விஷயம் பெரிது என்று அவளுக்கும் விளங்கியது.

"டீச்சர்தான் மாமா. 'எனக்குத் தெரிந்த விவசாயி' எண்டு அஞ்சு வசனம்."

"அதுக்கு?"

"எனக்குத் தெரிஞ்ச விவசாயிய எழுதினன்."

சிபானா கொப்பியைக் கையில் எடுத்தாள். மகளின் எழுத்து உருண்டை உருண்டையாக இருந்தது. 'எனக்குத் தெரிந்த விவசாயி என் உம்மா.' உம்மாவின் குறுக்கே சிவப்புக் கோடு. மேலே, ஆசிரியர்களுக்கே வாய்க்கும் அழகான கையெழுத்தில், மாமா. இரண்டாவது வசனம்: 'அவர் சுபஹ் தொழுதுவிட்டு ஸ்கூட்டியில் வயலுக்குப் போவார்.' ஸ்கூட்டி வெட்டப்பட்டு மோட்டார் சைக்கிள் ஆகியிருந்தது. மூன்றாவதும் நான்காவதும் உரத்தையும் கொக்கையும் பற்றியவை. அவற்றுக்கு ஆண்பால் பெண்பால் இல்லாததால் தப்பியிருந்தன. ஐந்தாவது வசனத்தைத் திருத்த வழி கிடைக்கவில்லை போலும், முழுவதுமாக அடிக்கப்பட்டிருந்தது: 'அவரின் கால் நகத்தில் சேறு போகாது, அதனால் மருதோன்றி போடுவார்.' அடியில் ஒரு குறிப்பு: 'பொய் எழுதக் கூடாது.'

சிபானா தன்னையறியாமல் கால்விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"டீச்சர் என்ன எழும்பி நிக்கச் சொன்னாங்க. திருத்தினத ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னாங்க. எல்லாரும் சிரிச்ச." ஸம்றா அழவில்லை. அழுது முடித்திருந்தாள். "உம்மா, நீங்க ஒருக்கா வந்து செல்லுங்க. நான் பொய் எழுதல்ல எண்டு மட்டும் செல்லுங்க. வேற ஒண்டும் வேணா."

சின்னக் கோரிக்கைதான். ஒரே ஒரு வசனம். அந்த ஒரு வசனத்தைச் சாய்ந்தமருதில் ஒரு பெண் வாய்திறந்து சொல்ல என்ன விலை கொடுக்க வேண்டும் என்பது ஒன்பது வயதில் தெரிய நியாயமில்லை.

சிபானா வயல் செய்கிறாள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல் இருப்பதுதான் மரியாதை. ஏழு வருஷத்துக்கு முன் அவள் கணவன் முர்ஷித் லொறி மோதி மௌத்தானான். துக்கக் காலமான இத்தாவை வீட்டுக்குள் இருந்து முடித்து அவள் வெளியே வந்தபோது, வாப்பா அச்சிமுகம்மது அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த மூன்று ஏக்கர், சவளக்கடை வயல்வட்டையில் புல் மண்டிக் கிடந்தது. அண்ணன் மசூர் காக்கா ஒரு போகம் பார்த்துக் கொடுத்தார். அந்தப் போகத்தில் என்ன விளைந்தது என்பதை இன்றுவரை அவர்தான் சொல்ல வேண்டும். அடுத்த போகம் அவளே இறங்கினாள்.

குடும்பத்துப் பெண் சேற்றில் இறங்குவது ஆண்களுக்கு இழுக்கு. இழுக்கைப் போக்க இரண்டு வழிகள் இருந்தன. ஆண்கள் இறங்கலாம். இல்லாவிட்டால், அவள் இறங்கவே இல்லை என்று சொல்லலாம். குடும்பத்து ஆண்கள் கூடி, தேத்தண்ணி குடித்து, இரண்டாவதைத் தெரிவு செய்தார்கள். சிபானா சவளக்கடையில் தையல் வகுப்பு நடத்துகிறாள் என்று அறிவிக்கப்பட்டது.

அன்றிலிருந்து அவள் பையில், மாற்று உடுப்புக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படும்படி ஓர் அளவுநாடா கிடக்கும். ஏழு வருஷத்தில் அது ஒரு தடவைதான் வேலை செய்தது. மடையின் அகலத்தை அளந்தது. தெருவும் அந்த வகுப்பை மிகுந்த கண்ணியத்தோடு நடத்தி வந்தது. எதிர்வீட்டுச் சபியா உம்மா விடியற்காலையில் கேற்றடியில் நின்று, "என்ன புள்ள, தையல் வகுப்புக்கா?" என்று கேட்பார். வெள்ளாமை வெட்டி முடிந்த வாரம், "உங்கட தையல் வகுப்புல புது அரிசி வந்திட்டா?" என்றும் அவரே கேட்பார். இரண்டுக்கும் சிபானா "ஓம் மாமி" என்பாள்.

விவசாயக் கந்தோர்ப் பட்டியலில் அந்த மூன்று ஏக்கருக்கும் கமக்காரர் மசூர். அப்படி எழுதிக் கொடுத்தவளே சிபானாதான். ஆம்பிளை ஒராளின் பேர் இருந்தால் லேசு என்றார்கள். அவளும் அப்போது லேசைத்தான் விரும்பினாள். உரம் மசூரின் பேரில் வந்தது. தண்ணீர் மசூரின் பேரில் வந்தது. நெல் மூட்டைகளில் தடித்த சிவப்பு மார்க்கரால் அவள் தன் கையாலேயே அவர் பேரை எழுதினாள். சேறு மட்டும் அவள் பேரில் வந்தது.

"றபீக்கா டீச்சர் உன்ட மானத்தக் காப்பாத்தித்தான் விட்டிரிக்கா," என்றார் மசூர். "வேற ஒரு டீச்சரெண்டா அப்படியே விட்டிருப்பா. கொப்பி ஊரெல்லாம் போயிருக்கும். அவ வெட்டித் திருத்திப்போட்டு எனக்குக் கோல் எடுத்தா."

டீச்சர் இந்தக் குடும்பத்தின் மானத்தில் அக்கறை காட்டியதற்குக் காரணம் இருந்தது. அவருடைய தம்பி ஸஹீதுக்கு சிபானாவின் மூத்த மகள் நஸ்லாவைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸஹீத் ஒரு கந்தோரில் நிரந்தர வேலை பார்க்கிறவன். மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. சீதனம் கேட்பது மார்க்கத்தில் இல்லை என்று றபீக்கா டீச்சரே வீட்டுக்கு வந்து விளக்கினார். "ஆனா நீங்க பிள்ளைக்கு விரும்பிக் குடுக்கிறத நாங்க தடுக்கவும் மாட்டம்," என்றார். விரும்பிக் கொடுக்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். இந்த வீடு. வீட்டுக்கு ஒரு மேல்மாடி. வயலில் இரண்டு ஏக்கர். வீட்டைக் கொடுத்த தாய் பின்வளவில் ஓர் அறை போட்டுக்கொண்டு ஒதுங்குவது இந்தக் கரையின் வழக்கம், ஆகவே அதைத் தாளில் எழுதவில்லை.

ஒரு நிபந்தனை மட்டும் வாயால் சொல்லப்பட்டது. வயலுக்குப் போகிறவளின் மகளை எடுத்தார்கள் என்ற பேர் அவர்களுக்கு வரக் கூடாது.

வயல் வேண்டும். அதில் நின்ற கால் வேண்டாம்.

"வயலத்தானே கேட்டிரிக்காங்க," என்று நஸ்லா அன்று மெதுவாகச் சொன்னாள். "என்னக் கேக்கல்லயே." அவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டிருக்கவில்லை. ஆகவே அதற்குப் பதிலும் வரவில்லை.

"இப்ப நான் செல்றதக் கேளு," என்றார் மசூர். கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "நாளைக்குப் பள்ளிக்கூடத்துல ஒரு புரோகிராம். கொழும்பால தொண்டர் பிள்ளையள் வாறாங்களாம். விவசாயியக் கூப்பிட்டு வகுப்புல புத்தகம் வாசிக்க வெக்கிறதாம். சின்னதுகளுக்கு விவசாயம் தெரியணுமாம்."

"நாலாம் தரத்துக்கு மட்டும்," என்றாள் ஸம்றா. "அஞ்சாம் தரத்துக்குப் புலமைப்பரிசில் சோதின."

"டீச்சர் பட்டியல்ல என்ட பேரப் பார்த்து என்னத்தான் போட்டிரிக்கா. நல்லதாப் போச்சு. விவசாயி நான்தான் எண்டு பிள்ளையள் கண்ணால கண்டா இந்தக் கொப்பிக் கதை அதோட முடிஞ்சிடும்." சட்டைப் பையிலிருந்து பேனையையும் கடையின் பில் கொப்பியையும் எடுத்தார். பின்பக்கத்தைத் திருப்பினார். "கொஞ்சம் செல்லு. கேள்வியும் கேக்குமாம்."

"என்னத்தச் செல்ற?"

"வயலப் பத்தித்தான். நெல்லு எத்தின மாசம்?"

"மூண்டு, மூண்டரை. இனத்தப் பொறுத்து."

"நம்மட வயல்ல என்ன இனம்?"

"காக்கா, உங்கட பேர்ல இரிக்கிற வயல்ல என்ன விதைச்சிரிக்கி எண்டு என்னயா கேக்கிறீங்க?"

"பகிடி விடாம செல்லுகா."

அவள் சொன்னாள். அவர் எழுதினார். விதைத்து எத்தனை நாளில் உரம் எறிவது, களைநாசினி எண்ணெய் அடிக்க எத்தனை நாள் தண்ணீரை வடிக்க வேண்டும், கதிர் பால் பிடிக்கும்போது எந்தப் பூச்சி வரும்.

"தண்ணி ஆரு தாற?"

"வட்டவிதானை. வாய்க்கால் தண்ணிய முறை வெச்சு வயல் வயலா விடுறவர் அவர்தான்."

"பேரு?"

"பக்கீர் விதானையார். உங்கட கடையிலதான் மண்வெட்டி வாங்குற."

"கடைக்கு எத்தினையோ பேர் வாற," என்று எழுதிக்கொண்டார்.

எதையாவது பிழையாகச் சொல்லிவிடலாமா என்று சிபானாவுக்கு ஒரு கணம் தோன்றியது. நெல் மரத்தில் காய்ப்பது, ஏறிப் பறிப்பது என்றாலும் அவர் எழுதியிருப்பார். ஆனால் முப்பத்துநான்கு பிள்ளைகள் அதையும் படித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். எல்லாவற்றையும் சரியாகவே சொன்னாள்.

"ஸம்றாட கொப்பிய என்ன செய்ற?" என்று கேட்டாள்.

"அதான் செல்றனே. பிள்ளை மறந்துடும்."

"மறக்க மாட்டாள்."

"அப்ப மறக்கப் பழக்கு. நீ அங்க வந்து வாயத் திறந்து நஸ்லாட வாழ்க்கையில மண்ணப் போட்டுடாத."

அவர் பில் கொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஸம்றா தன் கொப்பியை மூடினாள்.

"அப்ப நான் எழுதினது பொய்தானா உம்மா?"

"உடுப்ப மாத்திட்டு சாப்பிட வா மகள்," என்றாள் சிபானா. ஏழு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை தையல் வகுப்பு என்று சொல்லியிருக்கிறாள். மகளிடம் அதைச் சொல்ல வரவில்லை.

மறுநாள் நிகழ்ச்சியில் தாய்மாருக்கும் பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அரிசியில் செய்த தின்பண்டம் கொண்டுவர வேண்டும். சிபானா அரிசிமா உருண்டை பிடித்துக்கொண்டு போனாள். வகுப்பறையின் பின்சுவரோடு, மற்றத் தாய்மாருடன், தட்டத்தை ஏந்திக்கொண்டு நின்றாள். அரிசி அவள் வயலில் விளைந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கவில்லை.

மஞ்சள் ரீசேட் போட்ட தொண்டர்கள் சுவரெல்லாம் பச்சைக் கடதாசியில் நெற்கதிர் வெட்டி ஒட்டியிருந்தார்கள். நல்ல பிள்ளைகள். விடியமுன் பஸ் ஏறி வந்தவர்கள். நெல்லை இவ்வளவு அருகில் கண்டதில்லை என்று கடதாசிக் கதிரைக் காட்டியே ஒரு பெண்பிள்ளை சொன்னாள்.

விவசாயி வந்தார். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தார். தலையில் புதுத் துவாய். கையில் மண்வெட்டி, அதன் விளிம்பில் கம்பனிக் கடதாசி அப்படியே இருந்தது. காலில் கடையிலிருந்து எடுத்து வந்த இறப்பர் சப்பாத்து, குதிகாலில் விலைத்துண்டு. தொண்டர்கள் மகிழ்ந்து போனார்கள். எல்லாப் பக்கத்தாலும் படமும் வீடியோவும் எடுத்தார்கள். றபீக்கா டீச்சர், "எங்கட வகுப்புக்கு இண்டைக்கு ஒரு உண்மையான விவசாயி வந்திரிக்கார்," என்றார். 'உண்மையான' என்ற சொல்லை அழுத்திச் சொல்லும்போது ஸம்றாவைப் பார்த்தார்.

ஸம்றா தலையைக் குனியவில்லை. திரும்பி உம்மாவைப் பார்த்தாள். சிபானா தட்டத்தைப் பார்த்தாள்.

புத்தகம் பெரியது, படங்களால் நிறைந்தது. இரண்டு வெள்ளை மாடுகள், மரக்கலப்பை, முறுக்கிய மீசையோடு ஓர் உழவர். சவளக்கடையில் மாடு கட்டி உழுததை இந்த வகுப்பில் உள்ளவர்களின் வாப்பாமாரே கண்டிருக்க மாட்டார்கள். மசூர் கணீரென்று வாசித்தார்.

"'உழவர் மாமா அதிகாலையில் எழுந்தார். வயலுக்குப் போனார். அவருடைய மனைவி கஞ்சி கொண்டு போனாள். உழவர் மாமா கஞ்சியைக் குடித்துவிட்டுக் களைப்பாறினார்.'"

அந்த வசனத்தை அவர் மிகுந்த உணர்ச்சியோடு வாசித்தார். அனுபவம் பேசியது.

பிறகு கேள்வி நேரம்.

"மாமா, வயல்ல பாம்பு இரிக்கா?"

"இரிக்கி. நான் எத்தினையோ அடிச்சிரிக்கன்."

"சப்பாத்து சேத்துல புதையாதா மாமா?" இதைக் கேட்டவன் முன்வரிசையில் இருந்த ஒருவன்.

"இது நல்ல சப்பாத்து மனே. புதையாது. நம்மட கடையில இரிக்கி."

தாய்மார் பக்கத்தில் யாரோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்த நேரம் மசூரின் போன் அடித்தது. கடை இரைச்சலில் பழகிய மனிதர். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டே பேசுவார்.

பக்கீர் விதானையார் உம்றாவுக்கு மக்கா போய் நான்கு நாளாகியிருந்தது. போகுமுன் மருமகன் முஸ்தாக்கிடம் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போனார். எந்தப் பேருக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற தெருவின் நாகரிகத்தைச் சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டார். முஸ்தாக் பட்டியலில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தான்.

"ஹாஜியார்! வாய்க்கால் துரிசு திறந்தாச்சு! உங்கட மேல்வரம்பு நண்டு துளைச்சு உடைஞ்சிட்டு, தண்ணி பாயுது!"

"நான் இப்ப ஒரு புரோகிராமில. பின்னேரம் எடுங்க."

"பின்னேரம் எடுக்க வயல் இரிக்காது ஹாஜியார்! நேத்து எறிஞ்ச உரமெல்லாம் அள்ளிட்டுப் போகுது! எந்தப் பக்கத்தால வெட்டி விடுற? கெதியாச் செல்லுங்க!"

மசூர் பில் கொப்பியைத் திருப்பினார். இது அதில் இல்லை.

"உங்களுக்கு... வசதியான பக்கத்தால விடுங்க."

"என்ன வசதி? கீழ கிசோக்குட வயல்! அவர் கொல்லுவார்! வடிச்சல் வாய்க்கால் எங்கால?"

மசூர் நிமிர்ந்தார். வகுப்பின் கண்கள் அவரைப் பார்த்தன. அவர் கண்கள் பின்சுவரைப் பார்த்தன.

சிபானா அசையாமல் நின்றாள். சிறுபோகத்து நெல், இருபத்தெட்டு நாள் பயிர். இன்னும் அரைமணித்தியாலம் வாயை மூடிக்கொண்டு நின்றால் நஸ்லாவின் கல்யாணம் இருக்கும், வயல் இருக்காது. வாயைத் திறந்தால் வயல் இருக்கும். றபீக்கா டீச்சர் கையில் சிவப்புப் பேனையோடு நின்றார். ஸம்றா மூன்றாவது வரிசையில், கழுத்தைத் திருப்பிய வாக்கிலேயே இருந்தாள். அவள் கெஞ்சவில்லை. உம்மா என்ன செய்யப் போகிறாள் என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தாள், அவ்வளவுதான்.

சிபானா தட்டத்தைச் சன்னல் கட்டில் வைத்தாள். வாங்குகளுக்கு நடுவே நடந்து போனாள். அண்ணனின் கையிலிருந்து போனை எடுத்தாள்.

"தம்பி, மேல்வரம்ப விடு, இப்ப அத அடைக்க ஏலா. வடக்கு மூலைக்குப் போ. அங்க ஒரு சீமெந்துக் கல்லு நட்டிரிக்கி, கண்டியா? அதுக்கு இடப்பக்கமா ரெண்டு மண்வெட்டி அகலம் வெட்டு. தண்ணி வடிச்சல்ல விழும். கிசோக்குட பக்கம் ஒரு சொட்டுப் போகப்படாது, அவரும் நேத்துத்தான் உரம் எறிஞ்சவர். மடைக்குப் பக்கத்துல ரெண்டு மண் மூட்ட கட்டி வெச்சிரிக்கன். அதத் தூக்கி மடை வாயில போடு. நான் இருவது நிமிசத்துல வாறன்."

"இது ஆரு கதைக்கிற?" என்றான் முஸ்தாக்.

வகுப்பறை முழுவதும் அந்தக் கேள்வி கேட்டது.

"வயல் செய்ற ஆள்," என்றாள் சிபானா.

போனை மசூரிடம் திருப்பிக் கொடுத்தாள். வாசலுக்குப் போகும் வழியில் றபீக்கா டீச்சரின் முன்னால் நின்றாள்.

"டீச்சர், பிள்ளை பொய் எழுதல்ல."

அவ்வளவுதான். ஒரே வசனம். சொல்லி முடிக்க ஒரு மூச்சுக்கூடத் தேவைப்படவில்லை.

அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு நடந்ததை ஸம்றாதான் பின்னேரம் சொன்னாள். தொண்டர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம். இப்படி ஒரு நாடகத்தை வேறு எந்தப் பள்ளியிலும் காணவில்லை என்றார்களாம். "ஹாஜியார் ஒண்டும் தெரியாத மாதிரி என்னமா நடிச்சார்!" என்று அந்தப் பெண்பிள்ளை வியந்தாளாம். மசூரும் மறுக்கவில்லையாம். முன்மாதிரி விவசாயி என்று அச்சடித்த சான்றிதழில், பட்டியலில் இருந்த பேரை எழுதிக் கொடுத்தார்களாம்.

பின்னேரத் தொழுகையான அசருக்குச் சற்று முன் சிபானா திரும்பி வந்தாள். உடுப்பு மாற்றவில்லை. அளவுநாடா கிடந்த பை அப்படியே ஸ்கூட்டியில் தொங்கியது. முழங்கால்வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. சபியா உம்மா கேற்றடியில் நின்றார். அவர் கண்கள் சேற்றைக் கண்டன. வாய் பழக்கத்தை விடவில்லை.

"என்ன புள்ள, தையல் வகுப்பு இண்டைக்கு வேளைக்கு முடிஞ்சிட்டா?"

"வயலுக்குப் போய் வாறன் மாமி. வரம்பு உடைஞ்சிட்டு."

சபியா உம்மா பதறிப்போய்த் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். யாராவது கேட்டிருப்பார்களோ என்று.

"ஓம் ஓம்," என்றார் தாழ்ந்த குரலில். "நான் ஒருத்தரிட்டயும் செல்ல மாட்டன்."

"செல்லுங்க மாமி," என்றாள் சிபானா.

அசர் தொழுகைக்குப் பிறகு மசூர் வந்தார். சான்றிதழ் பொலித்தீனுக்குள் பத்திரமாக இருந்தது. நஸ்லா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"டீச்சரோட கதைச்சன்," என்றார். "அவங்க வேணாம் எண்டு செல்லல்ல."

சிபானா காலில் ஒட்டியிருந்த சேற்றை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மருதோன்றி போட்ட நகங்களை இன்று மடக்கவில்லை.

"அந்த வீடியோவ மாப்பிள்ளையும் பார்த்தாராம். வயல் நல்லா விளையிற வயல் எண்டு விளங்கிட்டாம். அதுனால..." மசூர் ஒரு மிடறு குடித்தார். "மூண்டு ஏக்கரையும் எழுதினா இண்டைக்கு நடந்ததப் பெரிசாக்க மாட்டாங்களாம். ஆனா நீ இனி வயல்ல கால் வெக்கப்படாது. அது மட்டும்தான்."

"அப்ப வயல ஆரு செய்ற?"

"ஆரையும் போட்டுச் செய்வாங்க."

"மாப்பிள்ளை செய்வாரா?"

"அவர் கந்தோர்ல வேலை செய்ற மனிசன்."

சிபானா நஸ்லாவைப் பார்த்தாள். அது அவளுடைய கல்யாணம். யாரும் கேட்காத கேள்வியை உம்மா கண்ணால் கேட்டாள். நஸ்லா இப்படி வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினாள்.

"மாப்பிள்ளைட்டச் செல்லுங்க காக்கா," என்றாள் சிபானா. "வயலத் தாறன். ஞாயித்துக்கிழமை சுபஹ் தொழுதுட்டு வரட்டும். சப்பாத்து வேணா, வெறுங்கால் போதும். ஒரு போகம் என்னோட செய்யட்டும். சீதனத்த அதுக்குப் பொறகு கதைப்பம்."

"உனக்கென்ன விசரா? ஆக்கள் அவரப் பார்த்து என்ன நினைப்பாங்க? மாப்பிள்ளைட கால் நகமெல்லாம் சேறு..."

"மருதோண்டி நான் அரைச்சி வெக்கிறன் மாமா," என்றாள் நஸ்லா.

மசூர் அவளை வெறித்துப் பார்த்தார். பெண்பிள்ளை பகிடி விடுகிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. தேத்தண்ணியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார். சான்றிதழை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. 

திங்கட்கிழமை ஸம்றா பள்ளியால் வந்து கொப்பியை மேசைமேல் விரித்தாள். றபீக்கா டீச்சர் அதைத் திரும்ப வாங்கிப் பார்த்திருந்தார். ஓர் ஆசிரியைக்கு இது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது அந்தச் சிவப்பு மையில் தெரிந்தது. மாமாவை அவர் வெட்டவில்லை. பக்கத்தில் நெருக்கி எழுதிச் சமாளித்திருந்தார். 'எனக்குத் தெரிந்த விவசாயி என் மாமாவும் உம்மாவும்.' மோட்டார் சைக்கிள் அப்படியே இருந்தது. மருதோன்றி மன்னிக்கப்படவில்லை.

"இப்ப சரி எண்டு டீச்சர் செல்லிட்டாங்க," என்றாள் ஸம்றா.

"ம்."

"ஆனா இது பொய்தானே உம்மா?"

சிபானா கொப்பியைத் தன் பக்கம் திருப்பி வாசித்தாள்.

"ஓம் மகள். பொய்தான்."

"நம்மட ஊட்ட சிவப்புப் பேனை இரிக்கா?"

சிவப்புப் பேனை இருக்கவில்லை. சிபானா அறைக்குள் போனாள். சுவரோடு அடுக்கியிருந்த வெறும் சாக்குகளுக்கு மேலே மார்க்கர் கிடந்தது, ஏழு வருஷமாக மூட்டைகளில் மசூரின் பேரை எழுதிய மார்க்கர். கொண்டுவந்து மகளிடம் கொடுத்தாள்.

அது சாக்கில் எழுதுவதற்கானது. ஸம்றா ஒரே இழுவையில் கோடு போட்டாள். மாமாவும் மோட்டார் சைக்கிளும் போய்ச் சேர்ந்தார்கள். தாளின் மறுபக்கத்திலும் சிவப்பு ஊறியது. அடித்துக் கிடந்த ஐந்தாவது வசனத்தை அவள் கீழே புதிதாக, உருண்டை உருண்டையாக எழுதினாள். பிறகு பக்கத்தின் அடிக்கு வந்தாள். மார்க்கரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

'பொய் எழுதக் கூடாது' என்ற வரியை அவள் தொடவில்லை. அது சரியாகத்தான் இருந்தது.